பிரெஸ்டன் பஸ் நிலையம்: இடிக்கும் முடிவிலிருந்து பாதுகாப்புப் பட்டியல் வரை

ஏன் இந்த நிகழ்வு

வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள நகரம் பிரெஸ்டன். அதன் மையத்தில் நிற்கும் பஸ் நிலையத்தை இடித்துவிடலாம் என்று 2012 டிசம்பரில் நகர மன்றம் முடிவெடுத்தது. ஒன்பது மாதம் கழித்து அதே கட்டடம் நாட்டின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் பட்டியலில் இடம்பெற்றது. 2018இல் புதுப்பிக்கும் பணி முடிந்தது. 2021இல், நவீனக் கட்டடங்களைக் காப்பாற்றும் பணிக்காக பாரம்பரிய இடங்களைக் காக்கும் சர்வதேச அமைப்பான உலக நினைவுச்சின்னங்கள் நிதியமும் அறைகலன் தயாரிக்கும் நோல் நிறுவனமும் சேர்ந்து வழங்கும் பரிசு அதற்குக் கிடைத்தது.

பிரிட்டனில் மக்களின் ரசனை மாறிவிட்டது என்பதற்குச் சான்றாக இந்தக் கதையைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. நடந்தவற்றை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாருடைய மனம் எப்போது மாறியது, யாருடைய மனம் மாற வேண்டிய தேவையே இல்லாமல் இருந்தது என்று பிரித்துப் பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன். முடிவெடுத்தவர்களையும் எதிர்த்து நின்றவர்களையும் அவரவர் பொறுப்பைக் கொண்டு மட்டும் குறிப்பிடுகிறேன். வடிவமைத்தவர்களின் பெயர்கள் கட்டடத்தின் வரலாற்றைச் சேர்ந்தவை என்பதால் அவற்றைச் சொல்கிறேன்.

பின்னணி: கான்கிரீட்டின் மீது எழுந்த கோபம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில் கான்கிரீட் என்பது நம்பிக்கையின் பெயர். குண்டுவீச்சில் சிதைந்த நகரங்களை விரைவாகக் கட்டி எழுப்ப வேண்டியிருந்தது. இருண்ட பழைய சேரிகளை அகற்றி வீடுகள் தர வேண்டியிருந்தது. பள்ளி, நூலகம், அரங்கம், கார் நிறுத்தம் என்று நகராட்சிகள் கட்டிக்கொண்டே போயின. பூச்சு எதுவும் இல்லாமல் கான்கிரீட்டை அப்படியே வெளியே தெரியவிடும் கட்டட முறைக்குப் புரூட்டலிசம் என்று பெயர் வந்தது. ‘பெட்டோன் ப்ரூட்’ என்ற பிரெஞ்சுச் சொற்களுக்குப் ‘பூசாத கான்கிரீட்’ என்று பொருள். ஆங்கிலம் பேசுகிறவர் காதில் அந்தப் பெயர் ‘கொடூரம்’ என்று ஒலித்தது. ஒரு கட்டட முறையின் மேல் பெயரே இவ்வளவு பழியை ஏற்றியதாக வேறெங்கும் நான் கண்டதில்லை.

1968 மே 16 அன்று கிழக்கு லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பின் ஒரு மூலை சரிந்து விழுந்தது. சமையல் எரிவாயு வெடித்ததுதான் தொடக்கம். முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து அடுக்கிய சுவர்ப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. 4 பேர் இறந்தார்கள். குடியிருப்புத் திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கோபுரக் குடியிருப்புகளின் மேல் அன்று விழுந்த சந்தேகம், கான்கிரீட்டில் கட்டிய எல்லாவற்றின் மேலும் படர்ந்தது. 1984இல் அன்றைய இளவரசர் சார்லஸ், லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்குத் திட்டமிட்டிருந்த நவீன விரிவாக்கத்தை ஒரு விழா மேடையிலேயே கடுமையாகச் சாடினார். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நவீனக் கட்டடத்தைத் திட்டுவது அதன்பின் கௌரவமான செயலாகவே ஆகிவிட்டது.

பின்னர் இடிக்கும் காலம் வந்தது. போர்ட்ஸ்மவுத் நகரின் டிரைகார்ன் வணிக வளாகம் 2004இல் போனது. கேட்ஸ்ஹெட் நகரின் டிரினிட்டி சதுக்கத்துக் கார் நிறுத்தம் 2010இல் போனது. இரண்டும் அறுபதுகளில் கட்டியவை, இரண்டும் அவற்றின் நகரங்களுக்கு அடையாளமாக இருந்தவை. பிரெஸ்டன் பஸ் நிலையம் அடுத்து நின்றது.

1969: கட்டப்பட்டது எது

பில்டிங் டிசைன் பார்ட்னர்ஷிப் நிறுவனத்தின் கீத் இங்கம், சார்லஸ் வில்சன் இருவரும் இதை வடிவமைத்தார்கள். பொறியியல் பணி ஓவ் அரூப் நிறுவனத்துடையது. 1969 அக்டோபரில் திறந்தார்கள். நீளம் சுமார் 170 மீட்டர். தரைத்தளத்தின் இரண்டு நீண்ட பக்கங்களிலும் பக்கத்துக்கு 40 வீதம் 80 டபுள் டெக்கர் பஸ்கள் நிற்கலாம். மேலே அடுக்கடுக்காக 1,100 கார்களுக்கு இடம். இதைவிடப் பெரிய பஸ் நிலையம் ஐரோப்பாவிலேயே அரிதாக இருந்த காலம் அது.

தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது கார் தளங்களின் விளிம்பு. ஒவ்வொரு தளத்தின் கைப்பிடிச் சுவரும் நேராக எழாமல் வெளிப்புறமாக வளைந்து மேலேறுகிறது. அடுக்கிவைத்த வெள்ளைக் கிண்ணங்களின் வாய் வரிசை போன்ற தோற்றம். கலைஞனின் ஆசைக்காகச் செய்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் காரணங்கள் மிகவும் நடைமுறையானவை. செங்குத்தான சுவரை நல்ல மெருகோடு முடிக்கக் கேட்ட செலவு கட்டுப்படியாகவில்லை, அதனால் வளைத்தார்கள். வளைந்த சுவரில் காரின் பம்பர் போய் மோதுவதில்லை. கீழ்த் தளத்துக்கு வெளியே நீட்டி நிற்கும் வளைவின் அடியில் பஸ்ஸின் முகப்பு நுழைந்துகொள்ளும், ஏறுகிறவர் லங்காஷயர் மழையில் நனைய வேண்டியதில்லை. செலவு, பம்பர், மழை என்ற மூன்று கணக்குகளும் ஒரே கோட்டில் தீர்ந்திருக்கின்றன. எனக்கு இந்தக் கட்டடத்தின் மேல் மரியாதை பிறந்தது இந்த விவரத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

உள்ளே வெள்ளை ஓடு பதித்த சுவர்கள், கறுப்பு ரப்பர் தரை, மரத்தாலான கதவுகளும் தடுப்புகளும், தொலைவிலிருந்தே படிக்கக்கூடிய எழுத்துகள், பெரிய கடிகாரங்கள். விமானத்தில் போகிறவருக்குக் கிடைக்கும் வசதியும் கண்ணியமும் பஸ்ஸில் போகிறவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அன்றைய எண்ணம். பஸ் டிக்கெட் வாங்குகிறவரை இவ்வளவு உயர்வாக நினைத்துக் கட்டிய நகராட்சியை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

கவனிக்கப்பட்டவை: மக்கள் எதை வெறுத்தார்கள்

வடிவமைப்பில் ஒரு பெரிய குறை இருந்தது. கட்டடத்தின் இருபுறமும் பஸ்கள் ஓடுவதால், நடந்து வருகிறவர் தரைவழியே நிலையத்துக்குள் நுழைய முடியாது. சுரங்கப்பாதையில் இறங்கி ஏற வேண்டும். வண்டிகளையும் மனிதர்களையும் பிரித்துவைப்பதே பாதுகாப்பு என்று நம்பிய காலத்தின் தீர்வு அது. கையில் பையும் தள்ளுவண்டியில் குழந்தையுமாக வரும் ஒரு தாய்க்கும், இருட்டிய பிறகு தனியாக வருகிறவருக்கும் அந்தச் சுரங்கம் என்னவாக இருக்கும் என்று அவர்கள் யோசிக்கவில்லை.

அளவும் ஒரு சிக்கலாயிற்று. சொந்தக் கார்கள் பெருகின, 1986இல் லண்டனுக்கு வெளியே பஸ் போக்குவரத்து தனியார் போட்டிக்குத் திறந்துவிடப்பட்டது. காலப்போக்கில் பஸ் நிற்கும் 80 இடங்கள் தேவைக்கு மிஞ்சியவை ஆயின. ரயில் நிலையமோ ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பராமரிப்பு குறையக் குறைய, மழைநீர் வழிந்த கறை கான்கிரீட்டில் கோடு போட்டது. சுண்ணாம்புக் கல்லில் படியும் கறையைப் பழமை என்று சொல்லி ரசிப்பவர்கள், கான்கிரீட்டில் படிந்த கறையை அழுக்கு என்றார்கள்.

ஆகவே ‘பஸ் நிலையம் பிடிக்கவில்லை’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் பல புகார்கள் அடைபட்டிருந்தன. சுரங்கப்பாதை பயமாக இருக்கிறது, இடம் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது, ரயிலுக்குப் போக நடக்க வேண்டியிருக்கிறது. இவற்றில் ஒன்றுகூட வளைந்த கைப்பிடிச் சுவரைப் பற்றியதல்ல. நகர மன்றம் இவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை. இந்த நிகழ்வில் நடந்த முதல் தவறு என்று நான் கருதுவது இதைத்தான்.

2010 மே மாதம் உள்ளூர் மாலைப் பத்திரிகை ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. பிரெஸ்டனில் உங்களுக்கு மிகவும் பிடித்த கட்டடம் எது என்பதே கேள்வி. முதலிடம் பஸ் நிலையத்துக்குக் கிடைத்தது. பத்திரிகை வாக்கெடுப்பு அறிவியல் ஆய்வு அல்ல என்பது உண்மைதான். ஆனாலும், எல்லாரும் வெறுக்கிறார்கள் என்று சொல்லப்பட்ட ஒரு கட்டடம் அப்படி முதலில் வருவதற்கு, அதை வெறுக்காதவர்கள் கணிசமாக இருந்திருக்க வேண்டும். இடிக்கும் முடிவு வந்தது அதற்கு இரண்டரை ஆண்டு கழித்து.

2000 முதல் 2010 வரை: இரண்டு நிராகரிப்புகள்

இங்கிலாந்தில் ஒரு கட்டடம் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெறப் பொதுவாக 30 வயது ஆகியிருக்க வேண்டும். பிரெஸ்டன் நிலையம் 1999இல் அந்த வயதை எட்டியது. அடுத்த ஆண்டே முதல் விண்ணப்பம் போனது, நிராகரிக்கப்பட்டது.

அதே காலத்தில் நகர மையத்தை மாற்றியமைக்க டைத்பார்ன் என்ற பெயரில் 70 கோடி பவுண்ட் திட்டம் உருவானது. பெரிய கடைகள், குடியிருப்புகள், புதிய தெருக்கள் வர இருந்தன. பஸ் நிலையம் அந்த வரைபடத்தில் இல்லை. இரண்டாவது முறை விண்ணப்பித்தபோது, அன்று அரசுக்கு ஆலோசனை சொல்லிவந்த அமைப்பான இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் பட்டியலில் சேர்க்கலாம் என்றே பரிந்துரைத்தது. 2010இல் பொறுப்பிலிருந்த அமைச்சர் அதை ஏற்கவில்லை.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பட்டியலில் சேர்க்கலாமா என்ற கேள்விக்குக் கட்டடக்கலைச் சிறப்பும் வரலாற்றுச் சிறப்பும் மட்டுமே அளவுகோல். பழுதுபார்க்க எவ்வளவு ஆகும், அந்த இடத்தில் வேறென்ன வரப்போகிறது என்பவை அந்தக் கட்டத்தில் கணக்கில் வரக்கூடாது. பட்டியலில் சேர்ந்த பிறகு, மாற்ற விரும்பும் உரிமையாளர் தனியே அனுமதி கேட்கும்போதுதான் அவற்றைப் பேச வேண்டும். பொதுவெளியில் இந்த வேறுபாடு அநேகமாகப் பேசப்படவே இல்லை. பட்டியலில் ஏறினால் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது என்ற அச்சமே பரவியிருந்தது.

2011இல் முக்கியமான பெரும் கடை நிறுவனம் விலகிக்கொண்டது. டைத்பார்ன் திட்டம் சரிந்தது. பஸ் நிலையத்தை அகற்றச் சொல்லிவந்த காரணம் அதோடு போய்விட்டது. அகற்றும் எண்ணம் மட்டும் போகவில்லை.

2012: இடிக்கும் முடிவு

2012க்கான உலக நினைவுச்சின்னங்கள் நிதியத்தின் கண்காணிப்புப் பட்டியலில், பிரிட்டனின் புரூட்டலிசக் கட்டடங்கள் என்ற தலைப்பில் மூன்று இடங்கள் இடம்பெற்றன. பிரெஸ்டன் பஸ் நிலையம், பர்மிங்ஹாம் மத்திய நூலகம், லண்டன் சவுத்பேங்க் வளாகம். ஊரார் மாடியில் கார் நிறுத்திவிட்டுப் போகும் இடத்தின் பெயரை வெளிநாட்டவர்கள் கவலையோடு சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

2012 பிரெஸ்டனுக்கு விசேஷமான ஆண்டும்கூட. இருபது ஆண்டுக்கு ஒருமுறை வரும், பழைய வணிகர் சங்க மரபில் வந்த கில்ட் விழா அந்த ஆண்டு கோடையின் முடிவில்தான் நடந்தது. எப்போதாவது அரிதாக நடக்கும் ஒன்றைக் ‘கில்டுக்குக் கில்ட்’ என்று சொல்லும் ஊர் அது. விழா முடிந்து சில மாதத்தில் மன்றம் கூடி இடிப்பு முடிவை எடுத்தது.

மன்றம் முன்வைத்த கணக்கு இது. கட்டடத்தைப் புதுப்பிக்க 1.7 கோடி முதல் 2.3 கோடி பவுண்ட் வரை ஆகும். இடிக்க 18 லட்சம் போதும். சும்மா வைத்திருக்கவே ஆண்டுக்கு 3 லட்சத்துக்கு மேல் செலவாகிறது. அரசின் சிக்கன நடவடிக்கைகளால் நகராட்சிகளின் கை கட்டப்பட்டிருந்த காலம். மன்றத்தில் இருந்தவர்களை நான் வில்லன்களாகப் பார்க்கவில்லை. குப்பை அள்ளுவதற்கே பணம் தேடும் நகராட்சிகளுக்குக் கான்கிரீட்டின் மேல் பரிவு காட்டுவது எளிதல்ல.

ஆனால் அந்தக் கணக்கின் அமைப்பே சரியில்லை. புதுப்பிப்பதற்கான செலவில் வேலை செய்யும் ஒரு பஸ் நிலையம் கிடைக்கும். இடிப்பதற்கான செலவில் கிடைப்பது வெற்றிடம். இடித்தபின் வேறொரு நிலையமும், இழந்த 1,100 கார்களுக்கான இடமும் வேண்டும். அந்தத் தொகைகளையும் சேர்த்த பிறகுதான் இரண்டையும் ஒப்பிட முடியும். எதிர்ப்பாளர்கள் தொகைகளையே கேள்வி கேட்டார்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யத் தேவையில்லை என்றார்கள். கட்டடத்தைத் தானே எடுத்துக்கொள்ள முன்வந்த உள்ளூர்த் தொழிலதிபரும் உண்டு.

எதிர்ப்பின் தன்மையும் அப்போது மாறியது. முன்பு கட்டடக்கலை அறிந்தவர்கள் மட்டுமே பேசினார்கள். இப்போது உள்ளூர் இளைஞர்கள், புகைப்படம் எடுப்பவர்கள், ஓவியர்கள், தினமும் அங்கே பஸ் ஏறியவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ‘இது மகத்தான கட்டடம்’ என்பதோடு, ‘இது எங்கள் கட்டடம்’ என்ற குரலும் கேட்டது. மாறியது ரசனையைவிட, அதைச் சத்தமாகச் சொல்லும் துணிவு என்றே நான் நினைக்கிறேன். இங்கே வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அந்த வெள்ளை வளைவுகள் எதிர்காலத்தின் தோல்வியாகத் தெரியவில்லை, பள்ளி விட்டு வந்து நண்பர்களுக்காகக் காத்திருந்த இடமாகத் தெரிந்தன.

2013: மூன்றாவது விண்ணப்பம்

நவீனக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் தொண்டு அமைப்பான இருபதாம் நூற்றாண்டுச் சங்கம் மீண்டும் விண்ணப்பித்தது. 2013 செப்டம்பரில் அப்போதைய பண்பாட்டுத் துறைத் துணை அமைச்சர் பஸ் நிலையத்தைப் பாதுகாப்புப் பட்டியலின் இரண்டாம் நிலையில் (Grade II) சேர்த்தார். அளவுகோல் மாறவில்லை, கட்டடமும் மாறவில்லை. பதில் மட்டும் மாறியது. 2010இல் சிறப்பில்லாத ஒன்று மூன்றே ஆண்டில் சிறப்புப் பெற்றுவிடாது. ஆகவே இந்த இரண்டு முடிவுகளில் ஒன்று தவறு, அது 2010இல் எடுத்ததுதான் என்பது என் தீர்ப்பு.

அதன் பிறகு

2014இல் கட்டடம் நகர மன்றத்திடமிருந்து மாவட்டம் போன்ற பெரிய பகுதியை நிர்வகிக்கும் லங்காஷயர் கவுண்டி மன்றத்துக்குக் கைமாறியது. 2015இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச கழகத்தின் வழியே போட்டி நடந்தது. ஜான் புட்டிக் அசோசியேட்ஸ் வென்றது, உள்ளூரைச் சேர்ந்த காசிடி பிளஸ் ஆஷ்டன் நிறுவனம் அதனோடு பணியாற்றியது.

அவர்கள் செய்த மிகப் பெரிய மாற்றம் வரைபடத்தில் எளிமையானது. பஸ்கள் எல்லாவற்றையும் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றினார்கள். பஸ் நிற்க 80 இடங்கள் தேவைப்படாததால் 40 போதுமாக இருந்தன. மேற்கே பஸ்கள் வந்து திரும்பிய தளம் மக்கள் நடமாடும் சதுக்கமாயிற்று. நகர மையத்திலிருந்து வருகிறவர் இப்போது தரைவழியே, வெளிச்சத்தில், நேராக நிலையத்துக்குள் நடந்து வரலாம். நாற்பது ஆண்டுகளாக மக்கள் சொல்லிவந்த முதல் புகாருக்கு இதுதான் பதில். ஓடுகளையும் மரவேலையையும் சீர்செய்தார்கள். ரப்பர் தரையின் இயல்பைக் காத்தார்கள். பழைய எழுத்துகளின் பாணியை மறுபடி கொண்டுவந்தார்கள்.

பட்டியலில் ஏறினால் எதையும் தொட முடியாது என்று அஞ்சியவர்களுக்கு இந்த மாற்றமே மறுமொழி. கட்டடத்தின் பாதிப் பயன்பாட்டைத் திருப்பிப் போட்டும் அதன் முகத்தில் கீறல் விழவில்லை.

எது மாறவில்லை

இந்த வெற்றியை எல்லா ஊருக்கும் பொதுவாக்கக் கூடாது. அதே கண்காணிப்புப் பட்டியலில் இருந்த பர்மிங்ஹாம் நூலகத்தின் இடிப்பு 2016இல் முடிந்தது. லண்டனின் ராபின் ஹுட் கார்டன்ஸ் குடியிருப்பை 2017இல் இடிக்கத் தொடங்கினார்கள். அதன் ஒரு பகுதியை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் வாங்கி 2018 வெனிஸ் கண்காட்சியில் வைத்தது. மக்கள் வாழ்ந்த வீட்டை இடித்து, அதன் துண்டைக் கலைப்பொருளாகக் காட்டும் ரசனை மாற்றத்தை என்னால் கொண்டாட முடியவில்லை.

ஷெஃபீல்டின் பார்க் ஹில் இன்னொரு பாடம். 1961இல் முடிந்த அந்த மாபெரும் குடியிருப்பு 1998இல் பட்டியலில் சேர்ந்தது, பிறகு அழகாகப் புதுப்பிக்கப்பட்டது. ஆனால் அது முழுவதும் நகராட்சி வாடகை வீடுகளாக இருந்த இடம். புதுப்பித்த பின் பெரும்பங்கு விற்பனைக்கு வந்தது. கட்டடம் பிழைத்தது, அங்கே வாழ்ந்தவர்களில் பலர் திரும்பவில்லை. பிரெஸ்டனில் அந்த இழப்பு நேரவில்லை. 1969இல் யாருக்காகக் கட்டினார்களோ அவர்களே இன்றும் அங்கே நிற்கிறார்கள், அதே வேலைக்காக. இந்த நிகழ்வை நான் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் இதுவே.

மீண்டும் இப்படி ஒரு முடிவு வந்தால்

முதலில் புகார்களைத் தனித்தனியாக எழுதிவைக்க வேண்டும். சுரங்கப்பாதைப் பிரச்சினையை 2000இலேயே தனியாக எடுத்துப் பேசியிருந்தால், பஸ்களை ஒரு பக்கத்துக்கு மாற்றும் யோசனைக்குப் பதினைந்து ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்து, இடிப்புச் செலவை இடித்த பின் கட்ட வேண்டியவற்றின் செலவோடு சேர்த்தே மன்றத்தின் மேசையில் வைக்க வேண்டும். இடிப்பை அவசியமாக்கிய திட்டம் சரிந்தால், இடிப்பு முடிவும் தானாகவே மறுபரிசீலனைக்கு வர வேண்டும். 2011க்கும் 2012க்கும் இடையில் இதைச் செய்திருந்தால் டிசம்பர்க் கூட்டமே தேவைப்பட்டிருக்காது.

கடைசியாக ஒன்று. இங்கிலாந்தில் பட்டியலில் உள்ள கட்டடத்தை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற பொதுக் கடமை உரிமையாளருக்குச் சட்டத்தில் இல்லை. மிக மோசமாகச் சிதைந்தால் உள்ளூர் நிர்வாகம் பழுதுபார்க்கச் சொல்லி அறிவிக்கை அனுப்பலாம். உள்ளூர் நிர்வாகமே உரிமையாளராக இருக்கும்போது அந்த அறிவிக்கையை அது தனக்கே அனுப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். நகராட்சிகள் கட்டிய நூலகங்களும் அரங்கங்களும் பஸ் நிலையங்களும் இந்த இடைவெளியில்தான் சிதைகின்றன. பிரெஸ்டனில் உரிமை கைமாறியதால் வழி பிறந்தது. உரிமை கைமாறாத ஊர்களில், ஆண்டுதோறும் எவ்வளவு பராமரித்தோம் என்ற கணக்கை நகராட்சி வெளியிட வேண்டும் என்று கேட்பதற்கு இப்போதைக்கு யாரும் இல்லை.